பத்துப் பவுண் குறைவு

நகைக்கடைத் தராசில் பிறேக் நிறுக்க
நௌபீஸ் முதலில் சம்மதிக்கவில்லை.
கிறீஸ் படும், பெருநாள் கிழமை, ஆக்கள் வாற நேரம் என்றார்.
மூன்று தரம் துணியால் துடைத்துக் காட்டினேன்.
மறுகா
கண்ணாடிக் கதவை மெல்லத் தள்ளித் திறந்தார்.

பழைய வெள்ளிச் சோடி, முந்நூற்று அறுபத்திரண்டு கிராம்.
பிடிச்சா வை, இல்லாட்டி திங்கட்கிழமை திருப்பி அனுப்பு என்று
கேதுசன் கொழும்பிலிருந்து பார்சலில் போட்ட கறுப்புச் சோடி,
இருநூற்று எண்பத்திரண்டு.
"பத்துப் பவுண் குறையுது" என்றார், தன் கணக்கில்.
சங்கிலி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள்
யார் வீட்டுக் கலியாணத்தில் என்று
தலை நிமிர்ந்தார்கள்.

பத்துப் பவுண் குறைய முப்பத்தெட்டாயிரம் ரூபாய்.
கூடத்தான் காசு கேட்பார்கள் என்று
இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

ஆய்வுகூடத்தில் எனக்கு மில்லிகிராமோடு பழக்கம்.
ஆனால் நேற்று இரவு
நண்டுக் கறியும் புட்டுமாய் நான் ஏற்றிய முக்கால் கிலோவை
எந்தத் தராசிலும் வைக்கவில்லை.
நாலு மிடறு தண்ணீர் எண்பது கிராம்.
குடித்தால் போத்தல் இலேசாகும்,
நான் பாரமாவேன்.

இறக்கம் என்று சொல்ல எங்களுக்குக்
கல்லடிப் பாலத்தின் முதுகு ஒன்றுதான்.
நிற்க வேண்டிய இடங்களோ நிறைய.
ஆரையம்பதியிலிருந்து ஆஸ்பத்திரி வரை
ஒரு நாள் எண்ணிக்கொண்டு போனேன்:
சொல்லாமல் கிறுகிய ஓட்டோ நாலு,
பாட்டுப் போட்டபடி நின்ற பாண் வண்டி ஒன்று,
நடு றோட்டில் படுத்து அசைபோட்ட மாடுகள்.
அவற்றை எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டேன்.

வெள்ளி பின்னேரம்
தாழங்குடாவில் கடற்கரை வீதியில் வெண்கட்டியால் ஒரு கோடு.
மணிக்கு முப்பதில் வந்து கோட்டில் அமத்துவது,
சில்லு நின்ற இடம்வரை நாடாவால் அளப்பது.
வெள்ளிச் சோடி பன்னிரண்டு மீற்றர்.
கறுப்பு ஒன்பதரை.
அவ்வளவுதான் என்று நாடாவைச் சுருட்டினேன்.

பிறகுதான் றப்பரைப் பார்த்தேன்.
பழையது கல்லாய் இறுகிப் போய்,
ஊசியால் கிளறக் கிளறக்
கடற்கரையே கொட்டியது.
கறுப்பின் றப்பரைக் கழற்றி வெள்ளியில் பூட்டினேன்.
ஒன்பது இருபது.
இரண்டாம் தரம் ஒன்பது முப்பது.
சாட்சிக்கு ஒரு நாய்.

முடிவு கைக்கு வந்தபின்
கையெழுத்து வைக்கத் தயங்குபவள் இல்லை நான்.
ஆனாலும் சனிக்கிழமை
றப்பரைத் திரும்ப மாற்றிக் கறுப்பைத்தான் பூட்டினேன்.
வடிவு. வேறு காரணம் சொல்ல மாட்டேன்.
நாவல்பழ நிறச் சட்டத்துக்கு மை தீட்டிய மாதிரி.
வெள்ளி அதே இடத்தில் இருந்தபோது
கூறைச் சேலைக்கு மழைச் சப்பாத்து.

பதுளை வீதி. கரடியனாறு தாண்டி
வெயில் ஏறும் முன், காற்று முதுகில்.
குனிந்து குனிந்து பார்த்தேன்
முன் சில்லுக்கு மேல் அது
ஒடுங்கி வளைந்து நிற்கிற விதத்தை.
நிமிர்ந்தபோது
எருமைக் கன்று.

அமத்தினேன்.
பிடி கடைசிவரை வந்தது.
பின்சில்லு எழும்பி விழுந்தது.
கன்றின் மூச்சு முழங்கையில் ஈரமாய்ப் பட்டது.
அது பிறேக்கைப் பார்க்கவில்லை,
என்னையும் பெரிதாகப் பார்க்கவில்லை.
தாய் மதகுக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடப்
போய்விட்டது.

மதகில் இருந்தபடியே கேதுசனுக்கு எழுதினேன்:
பிறேக் திங்கட்கிழமை வரும்.
றப்பர் நாலும் என்னோடு, விலை சொல்லு.
ஏன், நிற்கேல்லையா என்று கேட்டான்.

நின்டது.
வடிவாத்தான் நின்டது.
நான்தான் றோட்டைப் பார்க்கேல்ல.